அடிபட்டு வருவோரும் அவசர சிகிச்சையும்

வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரவு வேளையில் வந்து சேருவோரை இரு வகையினராகப் பிரித்து நோக்கலாம். நெஞ்சு நோவுடன் வருபவர், பாம்பு தீண்டி வருபவர், வீதி விபத்தில் அகப்பட்டு வருபவர் ஆகியோர் ஒரு வகையினர். இவர்களைக் கண்டதும் பார்ப்போர் நெஞ்சில் இரக்கம் சுரக்கின்றது. மற்றைய வகையினர் அடிபட்டும் வெட்டுண்டும் குத்துண்டும் வருபவர். இவர்களைக் கண்டதும் இரக்கத்துக்கு முன்னரே கேள்வி பிறக்கின்றது. யார் அடித்தது? எதற்காக அடித்தது? குடித்திருந்தாரா? முதலிற் கை நீட்டியவர் யார்? இவ்வாறு வாயிற்காவலர் தொடக்கம் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் ஈறாக எல்லோரும் நீதிபதிகளாகி விடுகின்றனர்.

இக்கேள்விகள் வேண்டாதவை என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அவற்றுக்குரிய இடமும் வேளையும் வேறு. அவற்றுக்கு விடை காணும் பொறுப்பைச் சட்டமானது பொலிசாரிடமும் நீதிமன்றத்திடமும் ஒப்படைத்திருக்கின்றது. வைத்தியசாலையின் பொறுப்போ, அந்த உடம்பில் எங்கே குருதி ஒழுகுகின்றது, எங்கே மூச்சுத் தடைப்படுகின்றது என்பதைக் கண்டு தீர்ப்பதாகும். அடிபட்டு வந்தவர் முதலில் நோயாளி. அவர் முறைப்பாட்டாளராகவோ எதிரியாகவோ ஆவது பின்னர். இந்த ஒழுங்கு எங்கே பேணப்படுகின்றதோ அங்கேதான் அவசர சிகிச்சை தரமுடையதாகும். அது குழம்பும் இடத்தில், உயர்ந்த கட்டடமும் விலைமிகுந்த கருவிகளும் இருந்தும் பயன் குறைவே. இதனையே இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

சிகிச்சையின் தரம் என்பதை எதனைக் கொண்டு அளப்பது? அவெடிஸ் டொனபேடியன் என்னும் வைத்திய அறிஞர் 1966 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையொன்றில் இதற்கு மூன்று அளவுகோல்களை வகுத்தார். முதலாவது அமைப்பு, கட்டடம், கருவி, மருந்து, ஆளணி என்பன இதனுள் அடங்கும். இரண்டாவது செய்முறை, எது முதலிற் செய்யப்பட்டது, எது பின்னர் செய்யப்பட்டது, எவ்வளவு நேரத்திற் செய்யப்பட்டது என்பன. மூன்றாவது விளைவு, நோயாளி பிழைத்தாரா, பழைய நிலைக்கு மீண்டாரா என்பது. நாம் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே பேசுகின்றோம். புதிய கட்டடம் திறக்கப்பட்டால் மகிழ்கின்றோம். கருவி பழுதடைந்தால் முறையிடுகின்றோம். இரண்டாவதாகிய செய்முறையோ கண்ணுக்குத் தெரியாதது. எனினும் அடிபட்டு வருபவருடைய உயிர் பெரும்பாலும் அதிலேயே தங்கியிருக்கின்றது.

யாரை முதலிற் கவனிப்பது என்னும் வினா மிகப் பழையது. பிரான்சு தேசத்துப் படை வைத்தியராகிய தொமினிக் லாரே என்பவர் 1792 ஆம் ஆண்டளவில் போர்க்களத்திலிருந்து காயப்பட்டோரை விரைந்து எடுத்துவரக் குதிரை வண்டிகளை அமைத்தார். "பறக்கும் அம்புலன்ஸ்" என்று அவை அழைக்கப்பட்டன. பின்னர் நெப்போலியனின் படையெடுப்புகளிற் பணியாற்றிய அவர், அக்காலத்தவர் வியக்கத்தக்க விதியொன்றையும் கைக்கொண்டார். தளபதியா, சிப்பாயா, நம்மவனா, பகைவனா என்று பாராது, எவனுடைய காயம் கொடியதோ அவனுக்கே முதற் சிகிச்சை என்பதே அவ்விதி. பகைவனுடைய காயத்தைக் கட்டுவதற்கு முன் போரைத் தொடங்கியவன் யார் என்று லாரே விசாரிக்கவில்லை. இன்று உலகெங்குமுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளரை அவசரத்தின் அளவுக்கேற்ப வரிசைப்படுத்தும் முறைக்கு இதுவே வித்தாயிற்று. வரிசையிற் பின்னால் வந்தவரை முன்னால் அழைக்கும்போது நம்மிற் சிலர் கோபங் கொள்கின்றோம். அது சலுகை அன்று; அந்த மனிதருக்கு இருக்கும் நேரம் குறைவு என்பதற்கான அறிகுறி.

இனி, அந்த முதற் சில நிமிடங்களில் நடைபெற வேண்டியது யாது என்று பார்ப்போம். 1976 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஜேம்ஸ் ஸ்ரைனர் என்னும் அமெரிக்க எலும்பு வைத்திய நிபுணர் தாம் செலுத்திய சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்து வயலொன்றில் வீழ்ந்து, மனைவியை இழந்தார். பிள்ளைகள் படுகாயமுற்றனர். அவர்களுக்கு அயலிலிருந்த சிறிய வைத்தியசாலையிற் கிடைத்த சிகிச்சை ஒழுங்குமுறை அற்றதாயிருந்ததைக் கண்டு அவர் மனம் வெதும்பினார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததே இன்று உலகின் பல நாடுகளிலும் வைத்தியருக்குக் கற்பிக்கப்படும் காயச் சிகிச்சைப் பயிற்சி நெறி. 1978 ஆம் ஆண்டில் அதன் முதற் பயிற்சி நடைபெற்றது. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்க சத்திர சிகிச்சையாளர் கல்லூரி அதனை ஏற்று நடத்தத் தொடங்கியது.

அந்நெறி கூறுவது எளிய வரிசையே. முதலில் மூச்சுப் பாதை திறந்திருக்கின்றதா என்று பார். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால் கழுத்தை அசையாமற் காப்பாற்று. அடுத்து மூச்சு. அடுத்துக் குருதியோட்டம். அதன்பின் மூளையின் நிலை. இறுதியாக ஆடையை நீக்கி, முதுகுப்புறம் உட்பட உடம்பு முழுவதையும் நோக்கு. ஆனால் உடம்பு குளிர விடாதே. மிக விரைவாக உயிரைப் பறிப்பது எதுவோ அதனை முதலிற் தீர்க்க வேண்டும் என்பதே இவ்வரிசையின் உட்பொருள். முறிந்த கை கண்ணுக்குக் கோரமாகத் தெரியும். நோயாளியும் அதனையே காட்டி அழுவார். ஆனால் நெஞ்சிற் குத்துண்ட சிறு துவாரத்தினூடாகக் காற்றுப் புகுந்து நுரையீரல் ஒடுங்கிக் கொண்டிருக்குமாயின், அந்தக் கையைப் பற்றிப் பேச நேரமே இராது. அவ்வேளை நெஞ்சறையிற் தேங்கிய காற்றை ஊசியாலோ குழாயாலோ வெளியேற்றும் சிறு செயல் ஓர் உயிரை மீட்கும்.

அடிபட்டு வருவோரிற் பலர் இளைஞர். இளமைக்கு ஒரு பலமும் உண்டு. அதே பலம் ஓர் ஏமாற்றும் ஆகும். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி உண்டு. அதில் ஒரு லீற்றருக்கு மேல் இழந்த பின்னரும் இளைஞனுடைய குருதி அமுக்கம் சரியாகவே இருக்கக்கூடும். இரத்தக் குழாய்கள் சுருங்கி, இருதயம் வேகமாக அடித்து, அந்த இழப்பை மறைத்து விடுகின்றன. பின்னர் திடீரென்று எல்லாம் வீழ்ச்சியுறும். வயிற்றில் உதைபட்டு மண்ணீரல் கிழிந்தவர் தாமே நடந்து வந்து வாங்கிலில் அமர்ந்திருக்கக்கூடும். வெளியே ஒரு சிறு கன்றலைத் தவிர வேறெதுவும் தெரியாது. குருதி அமுக்கத்தை மட்டும் அளந்து "எல்லாம் சரி" என்று கூறி அனுப்பும் இடத்தைத் தரமான இடம் என்று சொல்ல முடியாது. நாடித் துடிப்பு ஏறுகின்றதா, கை கால் குளிர்கின்றதா, மனம் அமைதியிழக்கின்றதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதே தரம். அவ்வாறு பார்ப்பவர் பெரும்பாலும் தாதியே. ஆகவே தாதியர் தொகை குறைந்த விடுதியிற் தரமும் குறையும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்விடத்தில் மதுவைப் பற்றி ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். ஒருவரை எண்ணிப் பாருங்கள். கலியாண வீடொன்றில் வாய்த்தர்க்கம் முற்றி, பொல்லால் தலையில் அடிபட்டார். சிறிது நேரம் மயங்கிக் கிடந்து, பின்னர் எழுந்து பேசினார். வைத்தியசாலைக்கு வரும்போது மது நெடி வீசுகின்றது, சொற்கள் குழறுகின்றன, பின்னர் அயர்ந்து உறங்கி விடுகின்றார். "குடிவெறி தெளிந்தால் எழும்புவார்" என்று ஒருவர் சொல்கின்றார். இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கின்றது. பொட்டுப் பகுதியில் அடிபடும்போது மண்டையோட்டின் உட்புறத்தே ஓடும் நாடி கிழிந்து, ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் இடையே குருதி தேங்குவதுண்டு. முதலில் மயக்கம், இடையில் தெளிவு, பின்னர் மீண்டும் மயக்கம் என்பது இதன் போக்கு. அந்தத் தெளிந்த இடைவேளையில் நோயாளியைக் காண்போர் ஏமாறுவர். உரிய காலத்தில் மண்டையோட்டைத் திறந்து அக்குருதியை அகற்றினால் முழுமையாகக் குணமடையத் தக்க நோய் இது; தாமதித்தால் மரணம்.

குடித்தவர் தலையிலும் அடிபட்டிருந்தால், வேறு காரணம் இல்லையென்று நிரூபிக்கப்படும் வரை, அவருடைய மயக்கத்துக்குத் தலைக்காயமே காரணம் என்று கொள்வதே வைத்திய விதி. இதற்குத் துணையாக ஸ்கொற்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர்களாகிய கிரகாம் ரீஸ்டேல், பிரையன் ஜெனற் என்போர் 1974 ஆம் ஆண்டில் எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தனர். கண் திறத்தலுக்கு 4 புள்ளிகள், பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக 15. மிகக் குறைந்தது 3. இதற்குக் கருவி வேண்டியதில்லை, காசும் வேண்டியதில்லை. மணிக்கு மணி அளந்து எழுதினால், 15 ஆக இருந்தது 13 ஆகி, 11 ஆகும் சரிவை எவரும் காணலாம். அப்பொழுது சீ.ரீ. ஸ்கான் படம் எடுப்பதா, சத்திர சிகிச்சை நிபுணரை அழைப்பதா என்னும் முடிவும் உடனே பிறக்கும். அளக்காமல் விட்டால், காலையில் கட்டிலுக்கு வருபவர் காண்பது வேறாயிருக்கும்.

கழுத்து நெரிக்கப்பட்டவர் விடயத்திலும் இத்தகைய கவனம் வேண்டும். வெளித்தோலில் அடையாளமே இல்லாதிருக்கலாம். குரல் மாறுதலும் விழுங்கும்போது நோவும் உட்காயத்தின் குறிகள். கழுத்து நாடிக்கு ஏற்பட்ட சேதம் சில நாட்களின் பின் பாரிசவாதமாக வெளிப்படுவதும் உண்டு. அதேபோல, பிறரைக் குத்தியவனுடைய விரல் மூட்டில் மற்றவரின் பல் பட்டு உண்டாகும் காயம் பார்வைக்குச் சிறு கீறல். ஆனால் வாயிலுள்ள கிருமிகள் மூட்டினுள் புகுந்து, விரலையே இழக்கச் செய்யலாம். அடித்தவன் நாணத்தாலோ அச்சத்தாலோ அக்காயத்தின் காரணத்தை மறைப்பான். "உண்மையைச் சொன்னால் இங்கே எவரும் என்னைப் பழிக்கமாட்டார்" என்னும் நம்பிக்கை இருந்தால் மட்டுமே அவன் வாய் திறப்பான். பழி கூறாமை என்பது நற்பண்பு மட்டுமன்று. நோயைக் கண்டறியும் வழியும் அதுவே.

காலத்தின் அருமையைக் காட்டும் மற்றொரு சான்று உண்டு. யப்பான் தேசத்து ஆய்வாளர்களான உதாகோ ஒகமோத்தோ என்னும் அம்மையாரும் அவருடைய கணவரும் 1960 களின் தொடக்கத்தில் திரனெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தைக் கண்டறிந்தனர். உறைந்த குருதி கரைந்து போகாமற் தடுப்பது அதன் வேலை. அரை நூற்றாண்டின் பின்னர், 40 நாடுகளில் 274 வைத்தியசாலைகளில் 20,000 க்கு மேற்பட்ட காயப்பட்டோரிடம் இம்மருந்து பரிசோதிக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 16 பேர் இறந்தனர்; பெற்றோரில் 14.5 பேர். வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மலிவான இம்மருந்தால் உலகில் ஆண்டுதோறும் காக்கப்படக்கூடிய உயிர்களை எண்ணினால் அது பெரிது. இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், காயப்பட்டு 3 மணி நேரத்துக்குள் கொடுத்தாலே இது பயன் தரும். முதல் ஒரு மணி நேரத்துள் கொடுத்தால் மிகுந்த பயன் தரும். 3 மணி நேரம் கடந்தபின் தீமையும் விளையலாம். மருந்து அலுமாரியில் இருந்தது. நோயாளியோ பொலிஸ் நிலையத்து வாங்கிலில் இருந்தார் என்றால், அம்மருந்து இருந்தும் இல்லாததற்குச் சமம்.

நம்மவர் சிலரிடையே, அடிபட்டவர் முதலிற் பொலிசில் முறைப்பாடு எழுதிய பின்னரே வைத்தியசாலைக்குச் செல்லலாம் என்னும் எண்ணம் நிலவுகின்றது. இது தவறான எண்ணம். அரசாங்க வைத்தியசாலையில் அனுமதி பெறுவதற்குப் பொலிசாரின் கடிதம் முன்நிபந்தனை அன்று. பெரிய வைத்தியசாலைகளிற் பொலிஸ் காவலிடம் உண்டு. நோயாளி சேர்க்கப்பட்ட பின் அங்கிருந்து அறிவித்தல் போகும். அயல்நாடாகிய இந்தியாவில் இவ்விடயம் உயர் நீதிமன்றப் படியேறித் தீர்க்கப்பட வேண்டியதாயிற்று. ஸ்கூட்டரிற் சென்ற ஒருவர் மோட்டார் வண்டியால் மோதுண்டார்; அருகிலிருந்த வைத்தியசாலை, சட்டத்தோடு தொடர்புடைய காயங்களைக் கவனிக்கும் அதிகாரம் தனக்கில்லை என்று கூறி, 20 கிலோமீற்றர் தூரத்திலிருந்த வேறொன்றுக்கு அனுப்பியது; வழியில் உயிர் பிரிந்தது என்று பத்திரிகையிற் செய்தி வந்தது. அதனை ஆதாரமாக வைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில், 1989 ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரைக் காப்பதே ஒவ்வொரு வைத்தியரின் முதற் கடமை. எந்தச் சட்ட நடைமுறையும் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இலங்கையிலும், குற்றச் செயலாற் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கான 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமும் மருத்துவச் சிகிச்சையைப் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளுள் ஒன்றாகக் கொள்கின்றன.

வைத்தியசாலை வரை கொண்டு சேர்ப்பதிலும் இன்று ஒரு வசதி உண்டு. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் கட்டணமின்றி வண்டி வரும். அது வரும்வரை அருகில் நிற்போர் செய்ய வேண்டியவை சிலவே. குருதி பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். உடம்பிற் பாய்ந்திருக்கும் கத்தியைப் பிடுங்கலாகாது. அதுவே அக்குழாயை அடைத்துக் கொண்டிருக்கக்கூடும். மயங்கியவர் வாயில் நீரோ சோடாவோ ஊற்றலாகாது. வேரோடு கழன்ற பல்லைப் பாலில் இட்டு எடுத்துச் சென்றால், விரைவில் மீண்டும் பதிக்க வாய்ப்புண்டு.

கிராமத்துப் பிரதேச வைத்தியசாலையிலிருந்து ஆதார வைத்தியசாலைக்கும், அங்கிருந்து போதனா வைத்தியசாலைக்கும் மாற்றப்படும் பயணமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. மூச்சுப் பாதையைப் பாதுகாத்து, குருதி பெருகுவதை இயன்றவரை நிறுத்தி, ஏற்கவுள்ள வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிவித்து, கொடுத்த மருந்தையும் கொடுத்த நேரத்தையும் எழுதி அனுப்புவது ஒரு முறை. வண்டியில் ஏற்றிவிட்டோம், பொறுப்பு முடிந்தது என்பது இன்னொரு முறை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஓர் உயிரின் தூரம்.

உயிராபத்து நீங்கிய பின்னர், அடிபட்டவருக்கு மட்டுமே உரிய மற்றொரு தேவை எழுகின்றது. அது எழுத்து. காய்ச்சலுக்கு வந்தவரின் குறிப்பை வைத்தியர் மட்டும் வாசிப்பார். அடிபட்டவரின் குறிப்பையோ, பல மாதங்களின் பின்னரோ ஆண்டுகளின் பின்னரோ நீதிமன்றமும் வாசிக்கும். அப்பொழுது காயம் ஆறியிருக்கும். தழும்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். அன்றிரவு எழுதப்பட்ட வரிகளே காயத்தின் குரலாக நின்று பேசும். ஆகவே காயம் எந்த இடத்தில், எந்த நீளத்தில், எத்தகைய விளிம்புடன் இருந்தது என்பதைத் தையல் போடுவதற்கு முன்னரே அளந்து எழுதுதல் வேண்டும். தலையிற் பொல்லடியால் உண்டான பிளவு கத்திவெட்டைப் போலவே தோன்றக்கூடும். விளிம்பிலுள்ள கன்றலும் உள்ளே அறுபடாது நிற்கும் நாரிழைகளுமே உண்மையைக் காட்டும். உள்ளங்கையிலும் முன்கையிலும் உள்ள வெட்டுகள், ஆயுதத்தைத் தடுக்க முனைந்தமைக்குச் சான்றாகலாம். ஆடையை வெட்டும்போது கத்தி துளைத்த இடத்தை விலக்கி வெட்டி, கடதாசிப் பையில் இட்டு வைத்தல் நன்று.

எமது தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டிற்கு உரியது. அது சாதாரண காயத்தையும் பாரதூரமான காயத்தையும் வேறுபடுத்துகின்றது. ஒரு பல் உடைந்ததா இல்லையா, ஓர் எலும்பு முறிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்துக் குற்றத்தின் வகையே மாறும். பொலிசார் வழங்கும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தை நிரப்புபவரும், நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புபவரும் வைத்தியரே. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. குற்றவாளி யார் என்று வைத்தியர் எழுதுவதில்லை. நோயாளி கூறியதை அவருடைய சொற்களிலும், தாம் கண்டதைத் தம்முடைய சொற்களிலும் எழுதுகின்றார். இரண்டையும் கலவாதிருப்பதே அவருடைய நடுவுநிலைமை. மேலே கூறிய ஒழுங்கிற்கும் இதற்கும் முரணில்லை. விசாரிக்கும் வேலையை விட்டுவிடும் வைத்தியரே நீதிக்குப் பயனுள்ள சாட்சியாகின்றார்.

நோயாளி கூறுவதை எழுத வேண்டுமாயின், அவருடைய மொழி விளங்க வேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 ஆம் ஆண்டில் மானிப்பாயில் வைத்தியப் பணியை ஆரம்பித்தார். பின்னர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்து, தமிழில் வைத்திய நூல்களையும் ஆக்கினார். நோயாளியின் மொழியே வைத்தியத்தின் மொழியாதல் வேண்டும் என்று கருதிய அவரை இந்த இடத்தில் நினைத்தல் தகும். "நோகுது" என்பதற்கும் "விறைக்குது" என்பதற்கும் உள்ள வேறுபாடு நரம்பு அறுந்ததா இல்லையா என்பதைக் காட்டும். தமிழ் தெரியாத வைத்தியரும் சிங்களம் தெரியாத நோயாளியும் சந்திக்கும் இரவில், அல்லது அதன் மறுதலையில், நம்பத்தக்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பது மருந்துக்கு நிகரான தேவையாகும்.

மொழிபெயர்ப்பவர் யார் என்பதும் முக்கியம். அடிபட்டு வந்த பெண்ணின் பக்கத்தில் நின்று "படியிலிருந்து விழுந்துவிட்டாள்" என்று கணவன் விடை பகர்ந்தால், அந்த விடை உண்மையாகவும் இருக்கலாம், அல்லாமலும் இருக்கலாம். அவளைத் தனியே வைத்து, அவளுடைய வாயாற் கேட்டாலே தெரியும். வீட்டு வன்முறையைத் தடுப்பதற்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்னும் ஆலோசனைப் பிரிவும் உண்டு. பெண்களுக்கு 1938 என்னும் தொலைபேசி இலக்கமும், சிறுவர் தொடர்பான முறைப்பாட்டுக்கு 1929 என்னும் இலக்கமும் உள்ளன. ஆயினும் இவை அனைத்தின் வாயிற்கதவும் அந்த இரவில் அவளைத் தனியே அழைத்துக் கேட்கும் ஒரு கேள்வியே.

பாலியல் வன்செயலுக்கு உட்பட்டோர் விடயத்திற் காலம் இன்னும் அருமையானது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் மருந்தை 5 நாட்களுக்குள், இயன்றவரை விரைவாகக் கொடுக்க வேண்டும். நாணமும் அச்சமும் காரணமாக வீட்டில் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பாகும். "ஏன் இவ்வளவு நேரம் வரவில்லை?" என்னும் கடுஞ்சொல்லுடன் வரவேற்கப்படுபவர், பிற்பாடு வேறெவரிடமும் சொல்லமாட்டார். முறைப்பாடு செய்வதா இல்லையா என்று அவர் இன்னும் தீர்மானிக்காதிருந்தாலும் சிகிச்சை பெறும் உரிமை அவருக்கு உண்டு. பரிசோதனையின் ஒவ்வொரு படியையும் விளக்கி, அவருடைய சம்மதத்தைப் பெற்றே செய்தல் வேண்டும். ஒருமுறை அவருடைய விருப்பத்துக்கு மாறாக நடந்தது, வைத்தியசாலையில் இரண்டாம் முறையும் நடந்ததாக அவர் உணரலாகாது.

அவசர சிகிச்சைப் பிரிவின் இன்னலையும் நாம் நினைத்துப் பார்த்தல் நீதி. சண்டையிட்ட இரு பகுதியினரும் ஒரே வைத்தியசாலைக்கே வருகின்றனர். சுற்றத்தாரும் நண்பரும் திரண்டு வருகின்றனர். வீதியில் முடிந்த சண்டை கட்டிலருகே மீண்டும் மூளக்கூடும். வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் அச்சத்தின் நடுவே நின்று நல்ல சிகிச்சை அளித்தல் இயலாது. இரு பகுதியினரையும் வேறு வேறு இடத்தில் வைப்பதும், காவலர் வாயிலில் நிற்பதும், ஒரு நோயாளியுடன் ஒருவர் மட்டுமே நிற்பதும் தரத்தின் பகுதிகளே. "எங்கள் பிள்ளையை முதலிற் பாருங்கள்" என்று மேசையைத் தட்டுபவர், தம்மையறியாமலே தம் பிள்ளையின் வைத்தியருடைய கவனத்தைச் சிதைக்கின்றார்.

துண்டு வெட்டி வீடு செல்லும்போதும் கடமை முடிவதில்லை. தலையிற் காயப்பட்டவர் எவ்வெக் குறிகளைக் கண்டால் உடனே திரும்பிவர வேண்டும் என்பதை அவர் வாசிக்கத்தக்க மொழியில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். ஓயாத வாந்தி, கூடிவரும் தலையிடி, எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு என்பன அக்குறிகள். உடற்காயம் ஆறிய பின்னும், இரவில் உறக்கமின்மையும் தெருவில் நடக்க அச்சமும் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். அதுவும் காயமே, அதற்கும் சிகிச்சை உண்டு.

இறுதியாக, வைத்தியசாலையின் அறிவு வைத்தியசாலைக்கு வெளியேயும் பயன்படலாம் என்பதற்கு ஓர் உதாரணம். வேல்ஸ் நாட்டுக் கார்டிவ் நகரத்தில் முகத்தாடைச் சத்திர சிகிச்சை நிபுணராகிய ஜொனதன் செப்பேட், தம்மிடம் அடிபட்டு வருவோரிற் பலருடைய விடயம் பொலிசாருக்குத் தெரியாமலே போவதைக் கண்டார். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த ஆயுதத்தால் என்னும் மூன்றை மட்டும் அனுமதி மேசையிலேயே கேட்டு எழுதச் செய்தார். பெயரை நீக்கி, அத்தகவலைப் பொலிசாருக்கும் நகர சபைக்கும் கொடுத்தனர். எந்தத் தெருவில் எப்பொழுது காவல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. 2011 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, ஒத்த தன்மையுடைய பிற நகரங்களோடு ஒப்பிடும்போது, வன்செயற் காயங்களுக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோர் தொகை ஏறக்குறைய 42 சதவீதம் குறைவாயிற்று. அவர்கள் கேட்டது "யார் அடித்தது?" என்றன்று, "எங்கே அடித்தது?" என்றே. நோயாளியைக் காட்டிக் கொடாமலே ஊரைக் காக்க முடிந்தது.

நேயர்களே, கட்டணமின்றி அனைவருக்கும் வைத்தியம் கிடைக்கும் நாடு நமது நாடு. அந்தப் பெருமைக்குரிய சோதனை, ஊரார் அனைவரும் இரங்கும் நோயாளியிடத்து நிகழ்வதன்று. மது நெடியுடன், கிழிந்த சட்டையுடன், எவருடைய அனுதாபமுமின்றி நள்ளிரவிற் கொண்டுவரப்படுபவரிடத்தே அது நிகழ்கின்றது. அவருடைய மூச்சையும் நாடியையும் ஒருவர் கவனத்துடன் பார்க்கின்றாரா, காயத்தை அளந்து எழுதுகின்றாரா, மணிக்கு மணி திரும்பி வந்து கண்ணைத் திறக்கச் சொல்கின்றாரா என்பவற்றைக் கொண்டே நமது வைத்தியசாலையின் தரத்தை அளக்க வேண்டும். அவர் குற்றமற்றவராயின் அது அவருக்கு நீதி. குற்றமுடையவராயின், நீதிமன்றத்தின் முன் நின்று விடை கூறுவதற்கேனும் அவர் உயிருடன் இருத்தல் வேண்டும்.